மேடம் லோவின் எட்டுக் குதிரைகள்

"உன் கதையில கண்ணீரே இல்ல, மலர்" என்றார் இன்சூரன்ஸ் ஆபீசின் தலைவி மேடம் லோ.

புனிதமலர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கை முழுவதும் அதன் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"கண்ணீர் இல்லாட்டி என்ன மேடம்? விற்பனை இருக்கே. ஈப்போவிலேயே என் யூனிட்தான முன்னுக்கு நிக்குது?"

"மெர்சி யூனிட்டும் அதே அளவுக்கு நிக்குது லா. நாற்காலி ஒண்ணுதான். அடுத்த மாசம் விருது விழா மேடையில யாரு பேச்சுக்கு சனம் அழுவுதோ, அவங்கதான் ஏஜென்சி மேனேஜர். கோலாலம்பூர்லேருந்து பெரியவங்க வர்றாங்க. விற்பனைக் கணக்கெல்லாம் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அழுவுறதுக்குத்தான் வர்றாங்க."

மெர்சி தனராஜ் வெள்ளத்தில் வீட்டை இழந்து, காரில் படுத்துத் தூங்கி, தெருவோரம் நாசி லெமாக் சோறு விற்று மேலே வந்தவள். முதன்முதலில் அந்தக் கதையை அவள் சொன்னபோது தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான் வந்திருந்தது. போன விழாவில் மார்பைத் தொட்டுவிட்டது. இந்த முறை கூரைமேல் ஏறிவிடுவாள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு வெள்ளம் கிடைத்தது. மலருக்கு என்ன கிடைத்தது? நல்ல கணவன் கிடைத்தான், நல்ல மாமியார் கிடைத்தாள். கணவர் குணாளன் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருந்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மாமியார் அன்னபாக்கியம் சமையலறைப் பக்கம் மருமகளை வரவிட்டதே இல்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து எப்படிக் கண்ணீர்க் கதை வரும்?

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு கூத்து. பாலிசி விற்க வந்த ஓர் இளைஞன் குணாளன் முன்னால் உட்கார்ந்து, சாவு என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "உங்களுக்கு ஏதாச்சும்... ஒண்ணு... கிண்ணு..." என்று வியர்த்துக்கொண்டிருந்தான். மலருக்குப் பொறுக்கவில்லை. அவன் கையிலிருந்த விளக்கத்தாளை வாங்கித் தன் பக்கம் திருப்பி, "நீங்க செத்துட்டா எனக்கு இவ்வளவு வரும்ங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குணாளன் கையெழுத்துப் போட்டார். மறுநாளே, தன்னிடம் ஏஜெண்டாகச் சேரச் சொல்லி மேடம் லோ ஆள் அனுப்பினார்.

அதற்குப் பிறகு சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட அத்தனை பேரும் பாலிசி எடுத்தார்கள். கல்யாண வீடுகளில் மலர் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் வந்தால் சொந்தக்காரர்கள் தட்டோடு மறுபக்கம் போனார்கள். எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவனை அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனவன் இன்னும் பொறக்கல" என்பது அவள் யூனிட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்.

"நல்லா யோசி. ஒருநாள்கூடவா பட்டினி கிடந்ததில்ல?" மேடம் லோ விடவில்லை.

"டயட்டுல இருந்தப்ப..."

"அது வேணாம்."

மலர் யோசித்தாள். "ஒருநாள் ராத்திரி வெறும் சோறும் கிச்சாப்பும் சாப்பிட்டோம். அன்னிக்கு அத்தை ஊருல இல்ல. இவரு சாப்பாடு வாங்கிட்டு வர்றேன்னு போனாரு, வர்ற வழியில பர்சைத் தொலைச்சிட்டு வெறுங்கையோட வந்துட்டாரு."

"நிறுத்து." மேடம் லோவின் கண் மின்னியது. "சோறும் கிச்சாப்பும். அதோட நிறுத்து. பர்சு வேணாம்."

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று, கைதட்டி, 'முடியும், முடியும், முடியும்' என்று கத்திவிட்டு உட்கார்ந்ததும், மலர் ஒத்திகை பார்த்தாள். பர்சை எடுத்துவிட்டால், வெறும் சோற்றில் சோயா சாஸை ஊற்றித் தின்ற அந்தக் கதை எவ்வளவு பரிதாபமாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியம். முன்வரிசையில் ஹமிடா மூக்கைச் சிந்தினாள். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து மலரிடம் ஏஜெண்டாகச் சேர்ந்தவள் அவள். ரொம்ப நல்ல மனசு. ஆபத்தான அளவுக்கு நல்ல மனசு.

அன்று சாயங்காலமே மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மலரு, வாசல்ல ஒரு மலாய்க்காரம்மா அரிசி மூட்டையோட நிக்கிறாங்க. சார்டின் டின்னு, மைலோ எல்லாம் கொண்டாந்திருக்காங்க. என்னக் கட்டிப்புடிச்சி அழுவுறாங்க. நம்ம வீட்டுல யாரும் செத்துட்டாங்களா?"

"இல்ல அத்தை, அது... கம்பெனி அன்பளிப்பு. வாங்கி வைங்க."

"அன்பளிப்பு குடுத்துட்டு ஏம்மா அழுவுறாங்க?"

ஹமிடா அழுததோடு போகவில்லை. உள்ளே வந்து ரெண்டு கதவு ஐஸ்பெட்டியைப் பார்த்தாள். மாமியார் கையில் தங்க வளையலைப் பார்த்தாள். மறுநாள் மேடம் லோவின் அறையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு புரியல மலர். உன் வீட்டுக்காரருக்குக் கவர்மெண்டு சம்பளம். அப்புறம் எப்படி வீட்டுல சோறும் கிச்சாப்பும்?"

"ஆமா லா" என்றார் மேடம் லோ. "பெரியவங்களும் இதையேதான் கேப்பாங்க. காரணம் வேணும். என்ன காரணம்? குடியா, பொம்பளையா, சூதா?"

கோப்பிக்கடையில் கோப்பியா, தேயா, மைலோவா என்று கேட்பதுபோல் கேட்டார். மலர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். குடி என்றால் ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆபத்து. இன்னொரு பெண் என்று சொல்ல மனம் வரவில்லை, பொய்யாகக்கூட வரவில்லை. தவித்துப்போய் நிமிர்ந்தாள். மேடம் லோவின் தலைக்குப் பின்னால், அதிர்ஷ்டத்துக்காக மாட்டிய பெரிய படத்தில், எட்டுக் குதிரைகள் பிடரி பறக்க ஓடிக்கொண்டிருந்தன.

"குதிரை" என்றாள் மலர்.

"குதிரைப் பந்தயமா!" ஹமிடா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மேடம் லோ மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

சனிக்கிழமை விடிந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு மீன் பிடிக்கப் போவதைத் தவிர குணாளனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. சாயங்காலம் கானாங்கெளுத்தியோடு வருவார். சில வாரம் அங்கேயே வெட்டிக் கழுவிக்கூடக் கொண்டுவந்துவிடுவார். மீன் கிடைத்த வாரம் வீடே திருவிழாதான். மலருக்குப் பூவும் பலகாரமும் சேர்ந்து வரும். கிடைக்காத வாரம் ஞாயிறு முழுக்க வாயைத் திறக்கமாட்டார். மீன்மேல் மனுசனுக்கு அவ்வளவு பிரியம் என்று மலர் நினைத்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவர் தலையில் குதிரையைக் கட்டிவிட்டோமே என்று அன்று முழுக்க அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹமிடா மறுபடியும் வந்தாள். இந்த முறை கூட ஒரு பெரியவர். அவளுடைய மாமா ஹருன், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்; சூதாட்டக்காரர்களைத் திருத்துவதைச் சேவையாகச் செய்கிறவர். மலர் தடுப்பதற்குள் அவர் குணாளன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எல்லாம் கேள்விப்பட்டேன். குதிரை இதுவரைக்கும் எவனையும் கரைசேத்ததில்ல."

குணாளன் முகத்தில் ரத்தமே இல்லை. சமையலறையில் மாமியார் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"யா... யாரு சொன்னா?" என்றார் குணாளன்.

"யாரு சொன்னா என்ன? உண்மைதான?"

குணாளன் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்களுக்கு எதிரில் மனைவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழியை ஏற்றுக்கொள்கிறாரே என்று மலர் நினைத்தாள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்: மேடை, மெர்சி, வெள்ளம், எட்டுக் குதிரைகள்.

"கதையா?" குணாளன் மெதுவாக நிமிர்ந்தார். "கதைக்காகவா சொன்ன? வேற யாரும் உன்கிட்ட வந்து எதும் சொல்லலியே?"

"உங்களப் பத்தி யாருங்க என்ன சொல்லப் போறாங்க? பச்சப் புள்ள மாதிரி மனுசன்!"

குணாளன் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு இன்னொரு செம்பு. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வேறொருவனாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இந்த மனுசனுக்கு என்ன கைம்மாறு செய்யப் போகிறோம் என்று மலர் உருகிப்போனாள்.

அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று மறுநாள் முதல் வேலையாக மேடம் லோவிடம் போனாள். "மேடம், அந்தக் குதிரை விஷயம்... அதெல்லாம் அப்ப. இப்ப அவரு சுத்தமா விட்டுட்டாரு."

மேடம் லோ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "திருந்தின புருசனா! இத ஏன் முதல்லயே சொல்லல? மேடைக்குக் கூட்டிட்டு வா. மாமியாரையும் கூட்டிட்டு வா. போன வருசம் பினாங்குல ஒருத்தி புருசன் மேடையில மண்டி போட்டாரு. அவ இப்ப பங்களாவுல இருக்கா லா."

குணாளன் முதலில் அசையவே இல்லை. "சனிக்கிழமையா? சனிக்கிழமை எப்படி மலர்? நான் மீனுக்குப் போவணுமே."

"ஒரு வாரம் மீனு இல்லாட்டி செத்தாப் போயிடுவோம்? நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம். சும்மா என் பக்கத்துல நின்னா போதும். பத்து வருசமா வீடு வீடா ஏறி இறங்கினேங்க. நாய் தொரத்தியிருக்கு, சொந்தக்காரங்களே தொரத்தியிருக்காங்க. இந்த நாற்காலி மெர்சிக்குப் போச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

குணாளன் கடைசியில், "சரி" என்றார்.

விழா மண்டபத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மெர்சி முதலில் பேசினாள். எதிர்பார்த்தபடியே கூரைமேல் ஏறினாள். எதிர்பாராதபடி கையில் ஒரு பூனைக்குட்டியும் இருந்தது. கோலாலம்பூர்க்காரர்களின் மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி கை மாறியது.

அடுத்து மலர். எத்தனையோ வீடுகளில் சாவைப் பற்றிச் சரளமாகப் பேசிய வாய், குணாளனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குதிரை என்று சொல்லும்போது தந்தியடித்தது. சோறும் கிச்சாப்பும் வந்தபோது யாரோ கொட்டாவி விட்டார்கள். கோலாலம்பூர்ப் பெரியவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். பத்து வருசம் கண்முன்னால் வழுக்கிக்கொண்டு போவதை மலர் பார்த்தாள். அடுத்த வரி மறந்துபோயிற்று.

அப்போது குணாளன் அவள் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"இவங்க எம்மேல பாசத்துல பாதிதான் சொல்றாங்க. மீதிய நான் சொல்றேன்."

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அன்னிக்கு ராத்திரி நான் பர்சைத் தொலைச்சிட்டேன்னு சொன்னேன். பர்சு தொலையல. சாப்பாடு வாங்க வச்சிருந்த காசையெல்லாம் கிந்தா சூறாவளிங்கிற குதிரைமேல கட்டினேன். கடைசி வளைவு வரைக்கும் அதுதான் முன்னால வந்துச்சு. கோடு தாண்டுறப்ப ஒரு மூக்கு அளவுல தோத்துடுச்சு. வீட்டுக்கு வந்தா, இவங்க 'பரவால்லைங்க, பர்சுதான, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே'ன்னு சொல்லி, சோத்துல கிச்சாப்ப ஊத்திக் குடுத்தாங்க. அத முழுங்க முடியாம முழுங்கினேன். அந்த ஒரு வாய் சோறு இன்னும் எனக்கு இங்க நிக்குது." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அதோட விட்டுட்டேன். இந்தத் தாயிக்காக விட்டுட்டேன்."

யாரும் சொல்லாமலேயே மண்டி போட்டார்.

முன்வரிசையில் மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். ஹமிடாவை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கோலாலம்பூர்ப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெர்சியே அழுதாள்; வெள்ளத்துக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் குணாளன் எழுந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, படியிறங்கினார்.

ஏஜென்சி மேனேஜர் புனிதமலர் கண்ணாடிக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹோட்டல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார். கார் எடுத்துவரப் போன குணாளனை நெடுநேரமாகக் காணோம். போனும் எடுக்கவில்லை. மலர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அத்தை, உங்க மகன் இவ்வளவு பெரிய நடிகர்னு எனக்குத் தெரியாமப் போச்சே! குதிரைப் பேரு என்ன, வளைவு என்ன, மூக்கு அளவு என்ன! எத்தன பேரு முகத்தப் பாத்து உண்மை பொய்ய கண்டுபிடிச்சிருக்கேன். எனக்கே ஒரு நிமிசம் நிஜம்னு பட்டுடுச்சு. அடுத்த வாரமே அவரை என் ஏஜென்சியில சேத்துடப் போறேன். இப்படி அழகா பொய் சொல்ற மனுசன் எங்க கிடைப்பாரு?"

அன்னபாக்கியம் கார் வரும் வழியைப் பார்த்தாள். பிறகு மருமகளின் மடியிலிருந்த கேடயத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"அவன் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதாம்மா பொய்யி. விட்டுட்டேன்னு சொன்னான் பாரு, அது."