திருப்தியடைந்தோர் எண்ணிக்கை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது; பிறகு நெடுங்காலம் ஓய்வெடுத்துவிட்டு, எங்கள் அலுவலக வரவேற்பறையில் 'திருப்தியடைந்தோர்' திரையை மாட்டியது.

ஆடும் நாற்காலிகளைச் சரிசெய்ய வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி எங்களுடையது. (கூட்ட அறையில் முதலாளியின் நாற்காலிக்காலுக்கு அடியில் மடித்த அட்டை இருப்பது வேறு விஷயம்.) செயலியில் 'திருப்தி' பொத்தானை அழுத்தினால் திரையில் எண் ஒன்று ஏறும். பொத்தான் நலமா என்று தினமும் காலையில் எல்லோரும் அழுத்திப் பார்ப்பது எங்கள் பணி ஒழுக்கம். அந்த எண்ணைக் காப்பதற்கென்றே மூன்று ஊர்களில் மூன்று கணினிகள். அவற்றுக்கு நான் 'எண்ணிக்கைத் தூய்மை அதிகாரி'.

ஒருநாள் மூன்று கணினிகளும் மூன்று எண்களைச் சொல்லின. அவசரக் கூட்டம் கூடியது. மிகப் பெரிய எண்ணே 'உண்மை', மற்ற இரண்டும் 'வந்துகொண்டிருக்கும் உண்மைகள்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அந்த ஒருமனதைக் கெடுத்தவர் புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர். எதையும் சரிபார்க்கும் கெட்ட பழக்கம் இருந்ததால் அவருக்கு 'சந்தேகம்' என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"சார், ஒரே அழுத்தலைப் பல தடவை எண்ணுது. முதல் கம்ப்யூட்டர் ரெண்டாவதுகிட்ட 'ஒண்ணு கூட்டு'ன்னு சொல்லுது. அதுவும் கூட்டிடுது. ஆனா பதில் வர லேட்டாகுது. உடனே இது திரும்பச் சொல்லுது, அது திரும்பக் கூட்டுது."

"பதில் வரலேன்னா திரும்பச் சொல்றது மரியாதைதானேம்மா?" என்றார் முதலாளி.

"நீங்க டீ கேக்கறீங்க. சத்தத்தையே காணோம்னு மறுபடி கேக்கறீங்க. ரெண்டு டீ வந்து நிக்கும் சார்."

"வந்தா குடிச்சிட்டுப் போறேன்! வந்த டீயைத் திருப்பி அனுப்பற வம்சமா நாம?"

சந்தேகம் விடவில்லை. "ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு டோக்கன் குடுத்துடலாம் சார். அதே டோக்கன் மறுபடி வந்தா எண்ணாது."

"அப்போ எண் ஏறுமா?"

"இறங்கும்."

அறையில் ஏசி கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஏம்மா, நாளைக்கு நம்ம கம்பெனியில முதலீடு பண்ண ஒரு மேடம் வர்றாங்க. திரையில ஒண்ணு குறைஞ்சா, ஆபீஸ்லயும் ஒண்ணு குறையும். புரியுதா?"

புரிந்தது. சந்தேகம் திரையைத் தொடவில்லை. எத்தனை கைபேசிகளிலிருந்து அழுத்தல் வந்திருக்கிறது என்பதை மட்டும் தன் மடிக்கணினியில் தனியாக எண்ணிவைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலீட்டு அம்மையார் வந்தார். திரையில் எண் லட்சங்களில் ஜொலித்தது. தன் கைபேசியில் செயலியை இறக்கி, பொத்தானைத் தொட்டார். திரை ஏழு ஏறியது.

"நான் ஒரு தடவைதானே தட்டினேன்?"

"உங்க திருப்தி அவ்வளவு ஆழம் மேடம்," என்றார் முதலாளி.

"நான் இன்னும் நாற்காலியே குடுக்கலியே!" அம்மையாரின் பார்வை மூலையில் நின்ற சந்தேகத்தின் மேல் விழுந்தது. "நீ சொல்லும்மா. நிஜமா எத்தனை பேரு?"

முதலாளி இருமினார். பதில் வராததால் மீண்டும் இருமினார்.

"பன்னிரண்டு பேர் மேடம்."

"என்னையும் சேர்த்தா?"

"உங்களையும் சேர்த்துதான்."

முதலாளியின் வாக்கு பொய்க்கவில்லை. திரை குறையாமலேயே அலுவலகத்தில் ஒன்று குறைந்தது: சந்தேகத்தைத் தன் நிறுவனத்தில் வேலை செய்ய அம்மையார் கையோடு அழைத்துப் போய்விட்டார். முதலீடு மட்டும் வரவில்லை. திரையில் திருப்தி இன்றும் ஏறுமுகம்தான்.

அந்தப் பன்னிரண்டில் அம்மையார் ஒருவர். சந்தேகத்தையும் சேர்த்து அலுவலகத்தில் நாங்கள் பத்துப் பேர். மிச்சமுள்ள ஒன்று என் மனைவியின் கைபேசி. அழுத்தியது நான்.