போர்வைச் சாமியும் சோனா மசூரியும்

மௌலா அலி ரயில்வே காலனியில் அந்த மாதம் இரண்டு வரிசைகள். ஒன்று தண்ணீர் லாரிக்கு. அதைவிட நீளமானது போர்வைச் சாமிக்கு. மூலமோ, பவுத்திரமோ, ஆசனவாய்க் கட்டியோ, சாமி அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். அதுதான் அவருடைய பெருமை! நோயாளி குப்புறப் படுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியது. சாமி மேலே மஞ்சள் துணியை விரித்து, மந்திரம் முணுமுணுத்துத் தீர்த்தம் தெளிப்பார். துணி சிவக்கும். கெட்ட ரத்தம் ஏறிவிட்டதாம். மானம் போகாது. நோயும் போகாது. காணிக்கை மட்டும் போகும்.

ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நடேசன் இரண்டு முறை போர்த்திக்கொண்டார். ஒரு வாரமாக உட்கார முடியவில்லை, சாப்பாடுகூட நின்றபடிதான். இப்போது குளிர்காய்ச்சல் வேறு. பக்கத்து வீட்டு சபீனா, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பிரிவு நர்ஸ், தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அங்கிள், வெளியே வீக்கம் இல்லேன்னு ஏமாந்துடாதீங்க. சீழ் உள்ளே ஆழத்துல கட்டியிருக்கும் போலிருக்கு. டாக்டர் விரல் விட்டுப் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். இருந்தா இன்னிக்கே கீறி வடிக்கணும். விட்டா உயிருக்கே ஆபத்து."

"அங்கேயா? விரலா? வேணாம்மா, நக்கோ, நக்கோ!"

"முப்பது வருஷம் வேகனுக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்த்தீங்களே, எந்த வேகனாவது வெட்கப்பட்டுச்சா?"

நடேசன் மனைவி கமலம் குறுக்கிட்டாள். "சாமி இப்ப வந்துடுவாரும்மா. மூணாவது போர்வையில சீழெல்லாம் ஏறிடும்னு சொல்லியிருக்காரு."

"சரி ஆன்ட்டி, ஆட்டோ வாசல்ல நிக்கட்டும். சாமிக்கு ஒரே ஒரு பரீட்சை. தோத்தார்னா அங்கிள் ஏறிடணும்."

வலி நடேசனைச் சம்மதிக்க வைத்தது.

சாமி வந்தார். ஜன்னலெல்லாம் தலைகள். கட்டிலில் ஓர் உருவம் போர்வைக்குள் கிடந்தது. துணி விரிந்தது. தீர்த்தம் விழுந்தது. துணி சிவந்தது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பார்த்தியாம்மா, சீழ் பூரா ஏறிடுச்சு. காய்ச்சலும் விட்டுடுச்சு. நடேசா, இப்ப எப்படி இருக்கு?"

"அரிசிக்கு எப்படி இருக்குன்னு தெரியலை சாமி." சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார் நடேசன். "எனக்கு வலி அப்படியேதான் இருக்கு."

சபீனா போர்வையை உருவினாள். இரண்டு மூட்டை சோனா மசூரி!

"அரிசியிலும் தோஷம் உண்டு..." என்று சாமி ஆரம்பிப்பதற்குள், கமலம் தீர்த்தச் சொம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். வெற்றிலை போடும் நாக்கு, ஏமாறுமா?

"அடப்பாவி, சுண்ணாம்புத் தண்ணி! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்காதா? வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நானே கரைக்கிற ஆரத்தியாச்சே இது!"

சாமி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நடேசன் ஆட்டோவில் குப்புறப் படுத்துக்கொண்டு போனார். ஸ்கேனில் சீழ் தெரிந்தது. சாயங்காலமே மயக்க மருந்து கொடுத்துக் கீறினார்கள். அரை டம்ளர் வடிந்தது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் நடேசன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாமி இப்போது குகட்பள்ளியில் இருக்கிறாராம். அங்கேயும் நீண்ட வரிசையாம். நிற்கிற மகாஜனங்களே, அரிசி மூட்டைக்கு யோசிக்கத் தெரியாது, அதனால் போர்வைக்குள் பேசாமல் கிடந்தது. உங்களுக்கு என்ன கேடு?