பிழையே இல்லாத கணக்கெடுப்பு

மனிதகுலம் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து பிழையே இல்லாத கணக்கெடுப்பு ஒன்றே ஒன்றுதான் நடந்திருக்கிறது. அதை நடத்தியது எங்கள் அலுவலகம். நடக்க இயலாதோருக்கு மாத உதவித்தொகை வழங்கும் இந்த அலுவலகம் ஏழாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடுவதில்லை.

லிஃப்ட் தேவைதானா என்று மேலிடம் ‘விஞ்ஞானபூர்வமாக’ அறிய விரும்பியது. புள்ளிவிவரப் பிரிவுக்கு நான் தலைவன். பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊரையே கேட்பது ஆகிற காரியமா? நானூறு பேரைக் கேட்டால் போதும். அதில் பாதிப் பேர் ஆமாம் என்றால், ஊரின் உண்மை விகிதம் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கையோடு அறிவிக்கலாம். அந்த ‘எங்கோ’தான் இத்தனை காலமாக எங்கள் சோற்றுக்கு வழி.

எங்கள் வாசலிலேயே, ஏழாவது மாடியில், உதவித்தொகைக் கையெழுத்துப் பதிவேட்டையும் வைத்து மேஜை போட்டேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, படியேறி வர முடிந்ததா என்று கேட்டேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் முடிந்தது என்றார்கள். கீழே படிக்கட்டருகே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் கேட்கலாமே என்றாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அலுவலகத்துக்கு வராதவர்களை அலுவலகம் எப்படிக் கேட்கும் என்று இயக்குநர் அவள் வாயை அடைத்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை என்றவர் பூஜ்யம். பிழைக்கான சூத்திரத்தில் அந்தப் பூஜ்யத்தால் பெருக்கினால் பிழையும் பூஜ்யம். உண்மை விகிதம் நூற்றுக்கும் நூற்றுக்கும் நடுவே! எனக்குப் புல்லரித்துவிட்டது.

நானூறாவதாக ஒரு தையற்காரர் வந்தார், முதுகில் தங்கையைச் சுமந்துகொண்டு. அவளை என் எதிரே நாற்காலியில் இறக்கினார். அன்றைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும். மருந்து வாங்க அவளுக்கு வேறு வழியில்லை.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“நான் எங்க சார் ஏறினேன்? அண்ணன்தானே தூக்கிட்டு வந்தாரு.”

இந்த ஒருத்தியால் அரை சதவீதப் பிழை உயிர் பெற்றுவிடுமே! இயக்குநரிடம் ஓடினேன். அவர் அசரவில்லை.

“ஏறினவர்தான்யா வந்தவர். அண்ணனைப் போட்டுக்கோ. அந்தப் பொண்ணு அவர் கொண்டுவந்த சாமான்.”

என்ன மூளை! நானூற்றுக்கு நானூறு. லிஃப்ட் அநாவசியம் என்று அறிக்கை தயாராயிற்று. பிழை பூஜ்யம் என்று கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

“நான் எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்றாள் தங்கை.

“நேர்ல வந்தவங்கதாம்மா போட முடியும். எங்க பதிவுப்படி நீங்க வரவே இல்லை.”

அவள் மேஜையில் கையூன்றி முன்னால் சாய்ந்தாள்.

“அப்போ இவ்வளவு நேரமா நீங்க யாருகிட்ட சார் பேசிட்டிருக்கீங்க?”

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொன்னால், அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருப்பதை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.