மாப்பிள்ளை ஓடிய திசை பற்றிய விளக்கம்

குனோங் ராபாட், ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை மாலை

பொறுமைக் கடலும் என் தங்கை புஷ்பலதாவின் கணவருமாகிய மச்சான் சுகுமாரன் அவர்களின் சமூகத்துக்கு, பத்துமலை பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மங்களமும், எங்களோடு தங்கியிருக்கும் தங்கள் மகள் பிரியாவும் சுகம். பேரனைப் பார்த்துக்கொள்ளத் தாங்கள் இருவரும் போயிருக்கும் சிங்கப்பூரில் அந்தப் புதுப் பேரனும், அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தங்கள் முழங்கால்களும் சுகமா? வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் தங்களுக்கு முன் என் தங்கை படித்துவிடுவாள், ஆகவே தபால். இது வந்து சேர்வதற்குள் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

தாங்கள் இட்ட கட்டளை எளிமையானது. பிரியாவுக்குப் பேசியிருக்கும் பையன் ரூபன் ஜொகூரில் இஞ்சினியர். தினமும் காலையில் ஓடுகிறவன். ஓட நல்ல பாதை இருந்தால் ஈப்போவுக்கே மாறி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வந்தால், தாங்கள் ஊர் திரும்பியதும் மகள் நம் கண்ணெதிரே இருப்பாள்; வராவிட்டால் தீபாவளிக்குத் தீபாவளிதான் முகம் பார்க்கலாம். "அவனுக்கு ஊரப் புடிக்க வைக்கிறது ஒங்க பொறுப்பு மச்சான்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். ஆக, ஒரு குடும்பத்தின் எதிர்காலம் ஒரு செம்மண் பாதையில் வந்து நின்றது.

பத்து காஜா பக்கம் நான் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டாலும் பாதைகள் அப்படியே இருக்கின்றன. அங்குள்ள ஒரே மேடு, மங்களம் சுடும் ஆப்பத்தின் நடுப்பகுதியைவிடச் சற்றே உயரம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் ஈயம் எடுத்த குட்டை, தூரத்தில் சுண்ணாம்பு மலை. சுவிட்சர்லாந்துக்காரன் பார்த்தால் தன் நாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே குடிவந்துவிடுவான். ஒரே குறை, செம்பனைக்குள் சிம்பாங் என்று நாம் சொல்லும் ஒரு முச்சந்திக்கும் அடுத்த முச்சந்திக்கும் அவற்றைப் படைத்தவனாலேயே வித்தியாசம் சொல்ல முடியாது. பையன் தொலைந்துவிடக் கூடாதே என்று சனிக்கிழமை மாலையே கப்சாய் மோட்டார் சைக்கிளில் போய், திரும்ப வேண்டிய பக்கத்தில் எல்லாம் அரிசி மாவால் அம்புக்குறி போட்டேன். முதல் அம்பை நான் முதுகு நிமிர்வதற்குள் கோழிகள் தின்றுவிட்டன. நான் விடுகிறவனா? வீட்டுக்குத் திரும்பி வந்து மாவில் மஞ்சளும் குங்குமமும் கலந்தேன். நிறமும் எடுப்பாகத் தெரியும், கோழியும் தொடாது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு பழம் இரண்டு இடத்துக்கு ஆகட்டுமே என்ற சிக்கனத்தில் அவற்றைப் பாதியாக நறுக்கிக்கொண்டேன்.

"ஏங்க, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? மாப்பிள்ளைக்கா, பேய்க்கா?" என்று மங்களம் கேட்டாள். கலைஞனை அவன் காலத்து மக்கள் புரிந்துகொள்வதில்லை.

நேற்றிரவு ஜொகூரிலிருந்து வந்து இறங்கிய ரூபன் இன்று விடிந்ததும் ஓடக் கிளம்பினான். நானும் பிரியாவும் கோயில் பாடாங் திடலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு காத்திருந்தோம். வெயில் ஏறியது. வெயில் சுட்டது. மாப்பிள்ளையைக் காணோம். அவனுக்குப் பதிலாகத் தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் செல்லாயி அக்கா, கையில் விளக்குமாற்றோடு மூச்சிரைக்க வந்தார்.

"டேய் பத்து, கொடுமைய கேட்டியா! எவனோ சிம்பாங்குக்கு சிம்பாங் எலுமிச்சங்காய அறுத்து வச்சி, குங்குமத்தக் கொட்டிட்டுப் போயிருக்கான்டா! தோட்டத்துக்கே செஞ்சி வச்சிருக்கான்!"

"யாருக்கா அந்தப் பாவி?" என்றேன், உள்ளங்கை மஞ்சளைக் கால்சட்டையில் துடைத்தபடி.

"ஆளு மட்டும் கெடைக்கட்டும், இந்த வெளக்கமாறு பிஞ்சிரும்!"

அப்போது பிரியாவின் கைப்பேசி அடித்தது. ரூபன்தான். "எங்க இருக்கேன்னே தெரியல. இங்க வாத்து மட்டும்தான் இருக்கு" என்றானாம். அவள் என் மோட்டாரை எடுத்துக்கொண்டு தேடிப் போனாள். நண்பகலுக்கு இருவரும் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்கள். "எண்ணெ தீந்துபோச்சு மாமா" என்றாள். நேற்றுதான் நிரப்பினேன், செம்மண் குடித்துவிட்டது போலும். ரூபன் ஓடிய ஓட்டத்தில், தூரத்துக் கடலோர ஹுத்தான் மெலிந்தாங் மீனவர்கள் அவனைப் பார்த்துக் கையசைத்ததாகக் கேள்வி. இதை நான் சற்றுக் குறைத்தே எழுதுகிறேன்.

"அம்புக்குறி பாக்கலியாப்பா?"

"எங்க அங்கிள் அம்பு? எல்லா சிம்பாங்லயும் எலுமிச்சங்காதான் இருந்துச்சு. அது இல்லாத பக்கமா பார்த்துத் திரும்பிட்டேன்."

"படிச்ச புள்ள, இதையெல்லாம் நம்புறியா?"

"சத்தியமா நம்பல அங்கிள். நம்பலன்னா, அதுக்காகப் போயி தாண்டணுமா லா?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நான் இங்க வர்றது யாருக்கோ புடிக்கல போல. நான் ஜொகூர்லயே இருந்துக்கலாம்னு பாக்குறேன்."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். செல்லாயி அக்கா விளக்குமாற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மூடிக்கொண்டேன்.

ஆகவே மச்சான், இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனது என்பதை ஆழ்ந்த நிதானத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்து, உட்கார்ந்தே இருக்கிற பையனாகப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவனுக்கு வழி காட்ட வேண்டியதில்லை. பேரனுக்கு என் ஆசிகள். அவன் நூறாண்டு, ஓடாமல், நடந்தே வாழட்டும். தங்கைக்கு அன்பு, அதைத் தாங்கள் ஊர் திரும்பியபின், நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நன்மையைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத
பத்துமலை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரூபன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அம்பு போட்டது யார் என்று பிரியா வழியிலேயே சொல்லிவிட்டாளாம். ஜொகூர் பேச்செல்லாம் நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்க இருவரும் சேர்ந்து போட்ட நாடகம். அடுத்த மாதமே ஈப்போவுக்கு மாற்றல் கேட்கப் போகிறானாம். "அப்ப பாதை அவ்ளோ புடிச்சிருச்சா?" என்றேன். "பாதைய யாரு பாத்தா அங்கிள்?" என்றான். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மேலே உள்ளதைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குச் சொல்லுங்கள். புஷ்பலதாவிடம், பையனுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது அண்ணன்தான் என்று சொல்லவும். எந்தப் பாதை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.