சிவப்பு டேப் சுற்றிய குழாய்

ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, நான் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். எங்கள் வீட்டுக் குழாய்களில் குடியிருக்கும் காற்றை என் கையாலேயே காலி செய்வேன். முதல் பனி விழுவதற்குள் வீடு வாயை மூடும். என் மனைவி படுக்கையறைக்குத் திரும்பி வருவாள்.

இதில் கடைசி வாக்கியம்தான் விஷயம். முதல் இரண்டும் அதற்கான பக்கவாத்தியம்.

எங்கள் ஊர் அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரியின் வடகரை. வருஷத்தில் எட்டு மாதம் நிலவறை பாய்லர் தண்ணீரைச் சுடவைத்து அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அறை அறையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சென்ற குளிர்காலத்தில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் படுக்கையறை ரேடியேட்டர் தொண்டையைக் கொப்பளிக்க ஆரம்பிக்கும். எனக்கு அது சுகமாக இருந்தது. கண்ணை மூடினால் பனிமூட்டத்தில் படகு, துடுப்பிலிருந்து சொட்டும் நீர், கரையே இல்லாத ஏரி. என் மனைவி அய்லிக்கு அந்தப் படகில் இடம் கிடைக்கவில்லை போலும். மார்ச் மாதம் தலையணையை எடுத்துக்கொண்டு தையல் மெஷின் இருக்கும் சின்ன அறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரலில் பாய்லரை நிறுத்தினோம். சத்தம் நின்றது. அவள் வரவில்லை. "திரும்ப அக்டோபர்ல எழும்பி ஓடணும். எதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து என்னை ஒரு கேள்வி அரித்தது. அவளை விரட்டியது காற்றா, நானா? ஐம்பத்தாறு வயதில் இப்படிப்பட்ட கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. குழாய் ரெஞ்சைத்தான் எடுக்க முடியும்.

தீர்மானத்தைக் காலை உணவு மேஜையில் அறிவித்தேன்.

"பக்கத்து வீட்டு ஹார்லனைக் கூப்பிடேன், வேய்னோ. முப்பது வருஷமா பாய்லர் வேலைதானே பாக்கறான்?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. அதான் பயமா இருக்கு."

"ரெண்டே சாமான், அய்லி. ஒண்ணு காத்தைப் பிரிக்கும். இன்னொண்ணு அழுக்கைப் பிரிக்கும்."

"நம்மளைப் பிரிச்சது போதாதா?"

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தண்ணி நல்லா சூடா இருக்கிறப்பதான் காத்து அதை விட்டுப் பிரியும். அதனால பாய்லர்லேருந்து கிளம்புற குழாய்ல காத்துப் பிரிப்பான். சுத்திட்டு ஆறித் திரும்புற குழாய்ல அழுக்குப் பிரிப்பான். பாய்லருக்குள்ள துருவும் சேறும் போகக் கூடாதுல்ல?"

"சரி. ரெண்டும் ஒரே மாதிரிக் குழாய். எது கிளம்புறது, எது திரும்புறது?"

"சிவப்பு டேப் சுத்தினது கிளம்புறது. நீல டேப் திரும்புறது. நான்தானே சுத்தினேன், இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு!"

அய்லி காபியை நிதானமாக ஒரு வாய் குடித்தாள். "ஓ. அந்த டேப்பா," என்றாள்.

"பந்தயம் கட்டலாமா? முதல் பனிக்கு வீடு சத்தம் போடலைன்னா, நீ உன் தலையணையோட திரும்பி வரணும்."

"போட்டா?"

"இனிமே ரெஞ்சையே தொட மாட்டேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு," என்றாள். கொடுத்தேன். சாமான் வாங்க டுலூத் நகரத்துக்கு வண்டியை எடுத்தேன். திரும்ப மாலை ஆகிவிட்டது.

மறுநாள் நிலவறைக்கு இறங்கினேன். கோடைகாலம், பாய்லர் தூங்கியது, இரண்டு குழாயும் தொட்டால் ஒரே குளிர்ச்சி. பம்பின் மேல் தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி இருக்கும் என்பார்கள். இருந்தது. அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்தவன் நான்.

ஆனால் டேப் இருந்தது. இடப்பக்கக் குழாயில் சிவப்பு, வலப்பக்கத்தில் நீலம். என் நினைவில் சிவப்பு வலப்பக்கம் இருந்தது. ஒருவேளை கனவில் பார்த்ததோ? எனக்குக் கனவு எது, நிலவறை எது என்று குழம்புவது புதிதல்ல. கண்ணெதிரே இருக்கும் டேப்பை நம்பாமல் எதை நம்புவது?

மூன்று வார இறுதிகள் வேலை செய்தேன். முதல் குழாயை அறுத்தபோது, வடித்துவிட்டேன் என்று நினைத்த கறுப்புத் தண்ணீர் முழுவதும் என் சட்டையில் வடிந்தது. பிரிப்பான் மாட்டுவதற்கு முன்பே அழுக்கு பிரிந்து என்னிடம் வந்துவிட்டது. மாடிப்படியில் அய்லியின் குரல்: "வேய்னோ, துண்டு வேணுமா, படகு வேணுமா?"

அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை. மதியம் முதல் பனி விழுந்தது. பாய்லரை முடுக்கினேன். ஹார்லன் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, சரியான குழாய்லயே மாட்டியிருக்கியே!" என்றான். அந்த 'அட' எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் பிடித்தது.

வழக்கம்போல் சனிக்கிழமை நிலவறையில் இருக்கும் சௌனா நீராவி அறையில் வெந்து, சிவந்து, மேலே வந்தோம். நான் படுக்கையறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரேடியேட்டர் சூடேறியது. ஒரு கொப்பளிப்பும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

கதவு திறந்தது. தலையணை முதலில் வந்தது. பின்னால் அய்லி.

"ம். ஜெயிச்சுட்டே," என்று படுத்தாள். குழாயை எப்படி இனம் கண்டேன் என்று விரிவாக விளக்கினேன். பாதியில் குறட்டை விட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன். ஏரியில் சத்தமே இல்லை. படகில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஞாயிறு காலை என் கைவேலையை ரசிக்க நிலவறைக்குப் போனேன். இடப்பக்கக் குழாயின் மேல் இருக்கும் பலகையில் ஏலக்காய் மணக்க ஒரு கிண்ணம். ஞாயிறுதோறும் அய்லி சுடும் புல்லா ரொட்டிக்கு மாவு. குளிர்காலம் முழுக்க, இருபத்தொரு வருஷமாக, அந்த இடத்தில்தான் உப்ப வைக்கிறாள். வேறெங்கும் சூடு போதாதாம்.

அந்தப் பலகைக்குக் கீழே சிவப்பு டேப். புத்தம் புதியது. அதன் விளிம்பில் நகத்தால் சுரண்டினேன். உள்ளே நீலம்.

மேலே போனேன். அவள் மறுபடியும் போர்வைக்குள் புகுந்திருந்தாள்.

"அய்லி, டேப்பை மாத்தினியா?"

"நீ டுலூத்துக்குப் போனப்ப."

"இருபத்தொரு வருஷமா தப்புன்னு தெரியுமா?"

"மாவுக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து வாதாடியிருப்பே. இன்னொரு குளிர்காலம் போயிருக்கும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன்: "அப்ப, என்கிட்ட திரும்பி வரணும்னுதான் என்னை ஜெயிக்க வெச்சியா?"

அவள் என் பக்கத்துப் போர்வையையும் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"அந்தச் சின்ன அறையில ரேடியேட்டரே இல்லை, வேய்னோ. போ, மாவு உப்பிடுச்சான்னு பாத்துட்டு வா."