மாப்பிள்ளை போட்ட கணக்கு

பெண் பார்க்க வந்தவர்கள் எது கேட்டாலும் சரியான விடை சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது கையில் சாக்பீஸ் இருந்தது. காலம் கடந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்குக்கு மேலே எங்கள் வீடு. (வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே தும்முவார்கள். அது அபசகுனத்தில் சேராது என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிடுவார்.) நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மாட்டியிருந்த கரும்பலகையை அன்று அம்மா ஒரு பட்டுப் புடவையால் மூடிவைத்தாள். ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. நான் நகர்ந்தால்தான் தங்கை சுமதிக்கு வழி என்று என் காதில் விழும்படியாகவே வீட்டில் பேசினார்கள்.

மாப்பிள்ளை பம்பாயில் என்ஜினீயர். பெண் பாடுவாளா என்று அவருடைய அம்மா கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாட்டு வராது. கணக்கு நன்னா வரும்," என்று பலகையை மூடியிருந்த புடவையை உருவிவிட்டார்.

மாப்பிள்ளை நேந்திரங்காய் வறுவலை மென்றபடியே x² + 6x + 13 = 0 என்றார். வர்க்கப் பூர்த்தி முறையில்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வேறு. (வாய்க்கு வந்த எண்கள். வாத்தியார்கள் விடையை முதலில் வைத்துக்கொண்டுதான் கணக்கை உண்டாக்குவார்கள். என்ஜினீயர்களுக்கு அந்தக் கவலை இல்லை போலும்.)

பதின்மூன்றை அந்தப் பக்கம் தள்ளினேன். ஆறில் பாதி மூன்று. அதன் வர்க்கமான ஒன்பதை இரண்டு பக்கமும் கூட்டினேன். (x + 3)² = −4 என்று வந்து நின்றது. ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் எங்கிருந்து மைனஸ் வரும்? புத்தியுள்ளவள் அந்த இடத்தில் தலையைக் குனிந்து வெட்கப்பட்டிருப்பாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, மனசிலாச்சோ என்று கேட்டேன். (வரிக்கு வரி புரிந்ததா என்று கேட்கும் ட்யூஷன் பழக்கதோஷம்.)

"இதுக்கு விடை கிடையாது. பதிமூணுக்குப் பதிலா அஞ்சுன்னு போட்டிருக்கணும் நீங்க."

(கற்பனை எண்களில் விடை உண்டு. அதையும் விளக்க வாயெடுத்தேன். அம்மா முழங்கையில் கிள்ளினாள்.)

மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, இவளுக்குப் போடத் தெரியவில்லை என்று தன் அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். எனக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

அப்பா பலகையை ஒருமுறை படித்தார். "பயத்துல தப்பு பண்ணிட்டா, பாவம்," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, காப்பி கொண்டுவந்த பெண் யார் என்று விசாரித்தார். அது சுமதி. கணக்கில் கோட்டைவிட்டு, பத்தாவதை இரண்டாம் தடவை எழுதியவள். அடுத்த தையில் அவளுக்கும் அவருக்கும் கல்யாணம். தங்கை முந்திக்கொண்டால் அக்காவிடம் ஏதோ கோளாறு என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம் எங்கள் கூடத்தில் யாரும் வந்து தும்மவில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகிக் காலத்தை ஓட்டினேன்.

இன்றும் குடும்பத்தில் விசேஷம் என்றால் பந்தி முடிந்ததும் தங்கை வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். "பி.எஸ்ஸி. மேத்ஸாக்கும். பத்தாங்கிளாஸ் கணக்குல முட்டை." கூட்டம் சிரிக்கத் தயாராகும். சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். விசேஷம் முடிந்து அந்த மனிதரோடு வீட்டுக்குப் போக வேண்டியவள் அவள்தானே. அதனால் நான்தான் முதலில் சிரிப்பேன்.