மரங்கொத்தியில் ஆண் எது?

புதுக் கார் வாங்கிய அன்றே மோகனசுந்தரம் சபதம் செய்துவிட்டார். புழக்கடை மாமரம் போக வேண்டும், அந்த இடத்தில் கார் ஷெட் வர வேண்டும். முதலமடையில் தோப்பு தோப்பாக மாமரம் வைத்திருப்பவருக்கு ஒரு மரம் பெரிதா? மனைவி மயிலாத்தாளுக்குப் பெரிது. ஊறுகாய்க்கு அவள் வேறு மரத்துக் காயைத் தொடமாட்டாள். அழுவாள், அடம்பிடிப்பாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவளோ தலையாட்டிவிட்டாள்.

"வெட்டிக்குங்க. அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க. அந்த மரத்துக்கு ரெண்டு மரங்கொத்தி வருதே, அதுல ஆம்பளை எது?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா புள்ள? நாளைக்கே சொல்றேன்."

மறுநாள் மரத்தடியில் நின்று பார்த்தார். மரங்கொத்தி சிட்டுக்குருவி அளவுதான் இருந்தது. பழுப்புத் தலை, முதுகெல்லாம் வெள்ளை வரி. குட்டை வாலை முட்டுக்கொடுத்து, அடிமரத்தை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே ஏறியது. இன்னொன்றும் அச்சு அசல் அப்படியே. அவர் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் போனது. கடைசியில் அவருக்குத்தான் தலை சுற்றியது.

"கண்டுபுடிச்சீங்களா?"

"சத்தம் போடுறதுதான் ஆம்பளை."

"நம்ம ஊட்டுல அப்படியில்லீங்களே."

மரம் வெட்ட வந்த சின்னமுத்துவை அவரே வாசலில் மடக்கினார். "மிசினைப் போட்டா பறந்துரும். பொறவு வா." கார்த்திகை போய் மார்கழி வந்தது. கார் வெயிலில் காய்ந்தது. ஆண் எதுவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில், கண்ணெதிரே பட்டையைக் கொத்திய பறவை தலையைத் திருப்பியது. காற்றில் இறகு விலக, கண்ணுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. நகக்கீறல் அளவுதான். அவருக்கு மெய்சிலிர்த்தது. சின்னமுத்துவுக்குப் போன் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"மயிலு, கண்ணுக்குப் பின்னால செவப்புக் கோடு இருக்கறதுதான் ஆம்பளை."

"ஆமாங்க. போன வருசமே பாத்தேன்" என்றாள், ஊறுகாய் ஜாடியைக் கழுவிக்கொண்டே.

அது அவருக்கு விளங்கும் முன் சின்னமுத்து வந்துவிட்டான். மரத்தை அண்ணாந்து பார்த்தான். ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"ஏனுங்க, பூவெடுத்த மாமரத்துல ரம்பம் வெச்சா தோப்புக்கே ஆகாதுன்னு எங்களை வெரட்டுறதே நீங்கதானுங்களே?"

மோகனசுந்தரம் அடிமரத்தை விட்டு முதன்முறையாக மேலே பார்த்தார். மரம் முழுக்கப் பூத்திருந்தது.

"காய் பறிச்ச பொறவு வெட்டிக்கலாமுங்க" என்றாள் மயிலாத்தாள். "அதுக்குள்ள, மைனாவுல ஆம்பளை எதுன்னு பாத்து வைங்க."